வன்தட்டு வரிசையில் ஆரஞ்சு விளக்கு எரிந்தால்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரெய்டு என்றதும் நமக்கு வருமான வரித்துறைதான் நினைவுக்கு வரும். கணினியில் ரெய்டு என்பது வேறு. பல வன்தட்டுகளை, அதாவது ஹார்டு டிஸ்க்குகளை, ஒன்றாகச் சேர்த்து ஒரே சேமிப்பகமாகப் பயன்படுத்தும் முறை அது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால் இந்தப் பெயர் பரவியது. ஆய்வகச் சர்வரிலோ, நன்கொடையாக வந்த சேமிப்புப் பெட்டியிலோ இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகள் இருந்தால், உங்கள் பள்ளியிலும் ரெய்டு இருக்க வாய்ப்புண்டு.

இது எப்படித் தகவலைக் காக்கிறது என்பதை நம் மதிப்பெண் பதிவேட்டை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு மாணவிக்குத் தமிழ் 72, ஆங்கிலம் 65, கணிதம் 88, மொத்தம் 225. கணித மதிப்பெண்மேல் மை கொட்டிவிட்டது. கவலையில்லை. மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் 88 கிடைத்துவிடும். நான்கு வன்தட்டுகள் கொண்ட ரெய்டு 5 செய்வதும் ஏறக்குறைய இதுதான். அங்கே கூட்டலுக்குப் பதில் எக்ஸ்-ஆர் என்ற இருநிலைக் கணக்கு. மொத்தமும் ஒரே தட்டில் இல்லாமல் நான்கிலும் மாறி மாறி எழுதப்படும். அதனால் எந்த ஒரு தட்டு போனாலும் மீட்டுக்கொள்ளலாம். ஆனால் கணிதத்தோடு ஆங்கிலத்திலும் மை கொட்டினால்? எந்தக் கணக்காசிரியராலும் முடியாது. ரெய்டு 1 என்பது ஒரே பதிவேட்டை இரண்டு பிரதி எழுதுவது. ரெய்டு 6 இரண்டு இழப்புகளைத் தாங்கும். ரெய்டு 0இல் பாதுகாப்பே கிடையாது. ஒரு தட்டு போனால் எல்லாம் போச்சு.

சிக்கல் தொடங்குவது முதல் தட்டு பழுதானபோது. அப்போதும் கணினி வழக்கம்போல ஓடும், கோப்புகள் திறக்கும், பாடம் நடக்கும். ஆரஞ்சு விளக்கு எரியும், 'பீப் பீப்' என்று சத்தம் வரும். நாம் என்ன செய்கிறோம்? வகுப்புக்குத் தொந்தரவு என்று சத்தத்தை நிறுத்திவிடுகிறோம்! அந்த நிமிடம் முதல் அந்த ரெய்டு 5 பெட்டி ரெய்டு 0 போலத்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் வரலாறு பற்றி மாணவர்கள் முதியவர்களிடம் எடுத்த பேட்டிகள், நாற்றுநடவுப் பாட்டுகள் எல்லாம் நான்கு தட்டுகள் கொண்ட ஒரு பெட்டியில் இருந்தன. வேறு பிரதி இல்லை. திரையில் 'டிஸ்க் 2 ஃபெயில்டு' என்று வந்தது. சரிசெய்ய வந்தவர் இடமிருந்து இரண்டாவது தட்டை உருவினார். அந்தப் பெட்டியோ 0, 1, 2, 3 என்று எண்ணுவது. பழுதானது மூன்றாவது தட்டு. நல்ல தட்டை உருவியதும் வரிசை நின்றுபோனது. அதுவரைகூடப் பெரிய நட்டமில்லை. தட்டை அதே இடத்தில் செருகிவிட்டு, விவரம் தெரிந்தவரை அழைத்திருந்தால் மீட்க வழி இருந்தது. திரை 'இனிஷியலைஸ்' செய்யவா என்று கேட்டது, அவர் 'யெஸ்' அழுத்தினார். பாடியவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை.

ஆகவே விளக்கு எரிந்ததும் முதல் வேலை பழுது பார்ப்பதல்ல, பிரதி எடுப்பது. இன்னும் படிக்க முடிகிறதே, அதுதான் நமக்குக் கிடைத்த அவகாசம். வேறு எங்கும் இல்லாத கோப்புகளை முதலில் வெளி வன்தட்டில் எடுங்கள். திரைப்படமும் வால்பேப்பரும் காத்திருக்கட்டும். பிரதி முடியும் வரை 'செக் டிஸ்க்' போன்ற சரிசெய்யும் நிரல்களை ஓட்டாதீர்கள். அவை வரிசையில் எழுதத் தொடங்கும்.

அடுத்து, எந்தத் தட்டு என்று உறுதிசெய்வது. செருகுவழி எண்ணை நம்ப வேண்டாம், தட்டின் வரிசை எண்ணைப் பாருங்கள். திரையில் காட்டும் சீரியல் எண்ணும் தட்டின்மேல் ஒட்டியிருக்கும் எண்ணும் பொருந்த வேண்டும். எல்லாம் நன்றாக ஓடும்போதே ஒவ்வொரு செருகுவழிக்கும் எதிரே அந்த எண்ணை எழுதி ஒட்டிவைத்தால், பதற்றத்தில் தேட வேண்டியதில்லை.

தட்டு உண்மையிலேயே பழுதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வன்தட்டும் 'ஸ்மார்ட்' என்ற தன் உடல்நலக் குறிப்பை வைத்திருக்கிறது. அதில் நான்கு வரிகள் போதும். 5ஆம் வரி, கெட்டுப்போனதால் மாற்றிடத்துக்கு அனுப்பப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, சோதனையின்போது படிக்கவே முடியாதவை. இவை ஏறிக்கொண்டே போனால் தட்டை மாற்றத்தான் வேண்டும். 199 வேறு கதை. அது தட்டுக்கும் பலகைக்கும் இடையே தகவல் செல்லும்போது நேர்ந்த பிழை. 199 மட்டும் ஏறி மற்ற மூன்றும் சுழியத்தில் இருந்தால், பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலைக்குப் பல ஆயிரம் ரூபாய்த் தட்டை வாங்கிவிடுவோம். கேபிளை மாற்றியபின் அந்த எண் குறையாது. மேலும் ஏறாமல் நின்றால் போதும். சில நிரல்கள் இந்த வரி எண்களைச் சி5, சி6, சி7 என்று காட்டும். பதினாறுநிலை எண் முறையை மேல்நிலை வகுப்புக்கு நடத்துபவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. சாதாரண மேசைக் கணினிக்கான வன்தட்டு, ஒரு பகுதியைப் படிக்க முடியாவிட்டால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். ரெய்டு கட்டுப்பாட்டகத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை, தட்டு செத்துவிட்டதென்று ஒதுக்கிவிடும். சேமிப்புப் பெட்டிக்கென்று விற்கப்படும் தட்டுகள் பெரும்பாலும் 7 விநாடியில் முயற்சியை நிறுத்தி, பிழையைத் தெரிவித்துவிடும். வாங்கும்போது அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும்.

புதிய தட்டைச் செருகியதும் மறுகட்டமைப்பு தொடங்கும். ரெய்டு 5இல் மற்ற மூன்று தட்டுகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். 4 டெராபைட் தட்டுக்கு, விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் போனாலும் ஏழரை மணி நேரம் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். நம் பள்ளியில் மாலையில் மெயினை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை தொடங்குங்கள். யுபிஎஸ் மின்கலத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். இரவுக் காவலர் அண்ணனிடம் நேரில் சொல்லுங்கள், கதவில் காகிதமும் ஒட்டுங்கள்.

பல மாதங்களாக யாரும் திறக்காத கோப்பு இருக்கும் இடத்தில் ஒரு கெட்ட பகுதி ஒளிந்திருந்தால், இந்த நேரத்தில்தான் அது வெளிப்படும். பதிவேட்டில் இரண்டாவது மைக்கறை. அதனால்தான் மாதம் ஒருமுறை முழு வரிசையையும் படித்துச் சரிபார்க்கும் சோதனையை அமைப்புகளில் இயக்கி வைக்கச் சொல்கிறேன். அப்படியிருந்தும், ரெய்டு ஒருபோதும் காப்புப்பிரதி ஆகாது. ஒரு மாணவன் கைதவறிக் கோப்பை அழித்தால், ரெய்டு எல்லாத் தட்டுகளிலும் ஒரே நேரத்தில் மிக ஒழுங்காக அதை அழித்துவிடும்.

கழற்றிய பழைய தட்டு ஒன்று மிச்சமிருக்கும். இருப்புப் பதிவேட்டில் அது இன்னும் பள்ளியின் பொருள். மாணவர்களின் பெயர், முகவரி, பெற்றோர் கைபேசி எண் எல்லாம் அதில் துண்டுதுண்டாக இருக்கின்றன. கழிவு நீக்க ஆணை வரும்வரை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். ஆணை வந்தபின், தகவலை முழுவதும் அழித்துவிட்டு, இயங்காத தட்டானால் உள்ளிருக்கும் வட்டுகளை உடைத்துவிட்டுக் கொடுங்கள்.