விபத்துப் பதிவேட்டுக்கு ஒரு வக்காலத்து



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கச் சொன்னபோது மகிழ்ச்சியும் நடுக்கமும் சேர்ந்தே வந்தன. எதிரே சாலைப் பொறியாளர்களும் காவல்துறை அதிகாரிகளும் எலும்பு முறிவு மருத்துவர்களும் இருக்கிறீர்கள். நானோ சமுதாய மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவன். கூட்டத்தைச் சென்னைப் புறநகரான கொரட்டூரில் வைத்த செயலாளருக்கு நன்றி. நகர நடுவில் நட்சத்திர விடுதியில் வைத்திருந்தால், இங்கே வந்து சேர்ந்த வழியைப் பற்றி இப்படித் தேநீர் வேளையிலேயே சண்டை வந்திருக்காது.

‘பொதுச் சுகாதாரப் பார்வையில் போக்குவரத்துப் பாதுகாப்பு’ என்பது தலைப்பு. அடிப்படைகள் உங்களுக்குத் தெரிந்தவை. வில்லியம் ஹாடன் என்ற மருத்துவரின் அட்டவணை, 1997இல் ஸ்வீடன் எடுத்த ‘சாலைச் சாவு ஒன்றுகூட வேண்டாம்’ என்ற முடிவு, டில்லி ஐ.ஐ.டி.யிலிருந்து தினேஷ் மோகன் வாழ்நாளெல்லாம் வாதாடியது, எதையும் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்துக்குத் தனி அமர்வே இருக்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில். இந்த எண்களை இன்று நான்கு கட்டுரைகளாவது எடுத்தாளும்.

என் வழக்கு அந்த எண்கள் பிறக்கும் இடத்தைப் பற்றியது. அவை காவல் நிலையத்தில் பிறக்கின்றன. அந்த எண்களைத் தந்த மத்திய அரசின் 2022 சாலை விபத்து அறிக்கை, சாவுகளில் பத்துக்கு ஏழுக்கும் மேல் அதிவேகத்தின் தலையில் போடுகிறது. வேகம் கொல்லும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து’ என்பது எஃப்.ஐ.ஆரில் நாம் வழக்கமாகக் காணும் வாசகம். குற்றப்பிரிவு நிற்பதற்காக அப்படி எழுதுகிறார்கள். வேகத்தை அளந்து எழுதியவர் யார்? ஓட்டுநர்மேல் வழக்குப் போட எழுதிய வரி, ஆய்வுக் கட்டுரைக்கு வந்ததும் நோய்க்காரணம் ஆகிவிடுகிறது. வெளிச்சமில்லாத தெருவும், நடைபாதையை அடைத்து நிற்கும் வண்டியும், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கடக்க வழியில்லாத தடுப்புச்சுவரும் அந்தப் பட்டியலில் ஏறுவது அரிது.

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு, அதாவது ‘ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்’, ஒன்று இருக்கிறது. வக்கீல்கள் அதன் நகலை ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள். அடிபட்டவரைக் கூட்டிவந்தவர் யார், எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி அடிபட்டதாகச் சொன்னார்கள், காயம் எத்தகையது, இரண்டு அங்க அடையாளங்கள் என அத்தனையும் பணி மருத்துவர் கையால் எழுதியிருக்கும். மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கில் அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. நம் கட்டுரைகளில் இல்லை.

முன்பொரு கூட்டத்தில் என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், அது அவசரத்தில் கிறுக்கியது, தரவாகாது என்றார். இன்றும் முன்வரிசையில் இருக்கிறார். கிறுக்கல்தான் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். இடத்துக்கு நேரே ‘பாடி அருகில்’ என்று ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும் பக்கங்கள் உண்டு. ஆனாலும் தாமாகவே மணலில் சறுக்கி விழுந்து, தையல் போட்டுக்கொண்டு, மறுநாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டுக்குப் போய்விடும் தொழிலாளிக்கு எஃப்.ஐ.ஆர். எங்கே வரும்? அங்கேயே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கு? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் மருத்துவர் குருராஜ், மருத்துவமனைப் பதிவையும் காவல்துறைப் பதிவையும் சேர்த்தே வைத்துக் கண்காணிப்பு நடத்திக் காட்டியிருக்கிறார். பெங்களூருக்கு ஆகும் என்றால் ஆவடிக்கும் ஆகும்.

நெடுஞ்சாலைத்துறை நண்பர்கள் ‘கரும்புள்ளி’யைக் காட்டுவார்கள். சுமார் 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ உள்ள விபத்து ஐந்து, அல்லது சாவு பத்து நடந்தால் அது கரும்புள்ளி. வயிற்றுப்போக்கில் ஐந்து பேர் படுக்கும்வரை மூன்றாண்டு காத்திருந்துவிட்டுக் குடிநீரைச் சோதிக்கும் சுகாதார அதிகாரியை நாம் வேலையில் வைத்திருப்போமா? சின்ன எலும்பு முறிவுகள் முதலில் ஏ.ஆரில்தான் வந்து சேரும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த ஊரைப் பிளந்துகொண்டு போகும் ரயில் பாதை, 1856இல் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே போட்ட பாதை. அப்புறம்தான் 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, அப்புறம் குடியிருப்புகள். மறுபக்கம் போக மக்கள் தண்டவாளத்தைத் தாண்டுகிறார்கள். அடிபட்டுச் செத்தால் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அவர் அத்துமீறி நுழைந்தவர். ரயில்வே வைக்கும் ரயில் விபத்துக் கணக்கிலும் வரமாட்டார், சாலை விபத்துக் கணக்கிலும் வரமாட்டார். நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் இப்படிச் சாகிறார்கள் என்று அனில் ககோத்கர் தலைமையிலான ரயில் பாதுகாப்புக் குழு 2012இலேயே எழுதியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டில் இதற்கு வி05 என்று தனிக் குறியீடே உண்டு: ரயில் மோதிக் காயமுற்ற பாதசாரி. அங்கே அவர் போக்குவரத்து விபத்தில்தான் அடக்கம். மின்கம்ப எண்ணை வைத்து இடத்தைத் துல்லியமாகக் குறிப்பதில் ரயில்வே போலீசாரின் பதிவு, ‘பாடி அருகில்’ என்பதைவிட எவ்வளவோ மேல். அதைக் கேட்டு வாங்கத்தான் நமக்கு ஆளில்லை.

நிறைவு அமர்வில் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். ஏ.ஆர். படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூட்ட வேண்டும்: அடிபட்டவர் நடந்து போனாரா அல்லது எதில் போனார் என்று ஒன்று; பக்கத்து மின்கம்பத்தின் எண் என்ன என்று இன்னொன்று. அவசரப் பிரிவில் நிற்கும் இளம் மருத்துவர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

முதல் கட்டுரை சென்னை மேற்குப் புறநகரின் கரும்புள்ளிகளைப் பற்றியது. அதன் வரைபடம் வாசலில் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன், அழகாக இருக்கிறது. கட்டுரையாளருக்கு முதல் கேள்வி என்னுடையது: அதில் தண்டவாளத்தின்மேல் ஒரு புள்ளிகூட ஏன் இல்லை?