இலங்கை இரண்டு முறை விரட்டிய மலேரியா

1934ஆம் ஆண்டு இலங்கையின் தென்மேற்கில் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு அதுவே வசதியானது. வழக்கமாக மழை மிகுந்த அந்தப் பகுதி மக்களின் உடலுக்கு இந்தக் காய்ச்சலைத் தாங்கும் பழக்கம் இருக்கவில்லை. அடுத்த சில மாதங்களில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள்.

1940களின் நடுவில், வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர்.

கொள்கை சறுக்கியது இந்த இடத்தில்தான். நோயை வென்றாயிற்று என்று மருந்து தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. நோயாளியே இல்லாத நோய்க்கு எதற்குச் செலவு என்று எந்த நிதியமைச்சும் கேட்கத்தான் செய்யும். 1969இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மறுபடி தெளிக்கப் போனால், டி.டி.டி.க்கு நுளம்பு அசைந்து கொடுக்கவில்லை. 1977இல் மலத்தியான் என்ற வேறொரு பூச்சிக்கொல்லிக்கு மாற வேண்டியதாயிற்று.

1990களில் அணுகுமுறையே மாறியது. நுளம்பைக் கொல்வதோடு நில்லாமல், மனித உடலில் இருக்கும் கிருமியையும் தேடத் தொடங்கினார்கள். நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்து, கிருமி இருந்தவருக்கு மருந்து கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் தெளிப்பதை விட்டு, தேவையான இடத்தில் மட்டும் தெளித்தார்கள். நோய் மிகுந்த வடக்கிலும் கிழக்கிலும் அப்போது போர். ஆனாலும் மலேரியா அலுவலர்களின் வேலை முற்றாக நின்றுவிடவில்லை. போரிட்ட இரு தரப்பையும் நுளம்பு வேறுபாடின்றிக் கடித்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

உள்நாட்டிலேயே நிலவிய கிருமி தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு, மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை வழங்கியது.

இந்த முறை மலேரியா எதிர்ப்பு இயக்கத்தைக் கலைக்கவில்லை. அதன் பலன் விரைவில் தெரிந்தது. 2018 இறுதியில், வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்த தொழிலாளி ஒருவர் மூலம் மொனராகலை மாவட்டத்தில் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு மலேரியா தொற்றியது. உடனே கண்டுபிடித்துச் சிகிச்சை அளித்ததால் அது பரவவில்லை.

நோய் இனி வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே மலேரியா உள்ள நாடுகளுக்குப் போய்த் திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், எங்கே போய் வந்தார் என்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.