கூரைக் கறையின் மூலம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை ஓய்ந்தபின், கூரையின் அடிப்புறத்தை அண்ணாந்து பார்க்கையில், நடுவில் வெளிறி விளிம்பில் பழுப்பேறிய கறையொன்று தென்படுமாயின், அதன்மேல் சுண்ணாம்பு பூசி மறைத்துவிட அவசரப்படாமல், அதன் மூலகாரணத்தை ஆராய்வதே விவேகம்.

கறை தோன்றும் இடமும் நீர் புகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாயிருப்பதில்லை; மொட்டைமாடியின் ஒரு மூலையில் வெடிப்பின் வழியே இறங்கிய நீர், கான்கிரீட்டுக்குள் புதைந்த மின்கம்பிக் குழாயைப் பற்றிக்கொண்டு சென்று, பல அடிகளுக்கு அப்பால், மின்விசிறிக் கொக்கியின் அருகே சொட்டுவது சகஜம். ஆகவே, கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, தேதியிட்டு வையுங்கள். மழை நாளில் மட்டும் அது விரிந்தால் தோஷம் மொட்டைமாடித் தளத்தில். மழையற்ற காலத்திலும் ஈரம் உலராதிருந்தால், மேலேயுள்ள குளியலறையையோ தண்ணீர்த் தொட்டியையோ சந்தேகிக்க வேண்டும்.

வெண்மையாக உப்புப் பூத்திருப்பது, நீர் நெடுநாளாக ஊடுருவியதற்கு அத்தாட்சி. செந்நிறத் துருக்கறையோ, உள்ளிருக்கும் இரும்புக் கம்பி அரிக்கப்படுவதன் அபாய அறிவிப்பு. ஏனெனில் துரு, இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டையே பிளந்துவிடும்.

மின்விளக்கின் அருகே ஈரம் கண்டால், முதலில் அந்த மின் இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு, மாடியின் மழைநீர்க் குழாயை அடைத்திருக்கும் சருகுகளை அகற்றி, கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் மூலைகளைப் பரிசோதித்துச் செப்பனிட்டபின் வெள்ளையடிப்பதே உசிதம்.