ஸ்பிரிங் விசிறிகள் மட்டும் போதா
(மாணவர் இயக்க ஊழியர்களுக்கான பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரை)

2023 ஆகஸ்ட் மாதம் ராஜஸ்தானின் கோட்டா மாவட்ட நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பித்தது. பயிற்சி மாணவர்கள் தங்கும் விடுதிகளின் மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்த வேண்டும் என்பதே அந்த ஆணை. தற்கொலையைத் தடுப்பது அதன் நோக்கம். ஓர் உயிரேனும் காக்கப்படுமாயின் அதனை இகழ்வதற்கில்லை. ஆனால் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அந்த முடிவுக்கு ஏன் தள்ளப்படுகின்றனர் என்ற கேள்விக்கு விசிறியில் விடை இல்லை.

2022ஆம் ஆண்டில் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. நாளொன்றுக்குச் சராசரியாக முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர். இவர்களை ‘மன உறுதியற்றவர்கள்’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சமூகத்திற்கு வசதியாக இருக்கிறது. மனச்சோர்வு கோழைத்தனம் அன்று. சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய். எனினும் அந்நோய் வேர்விடும் மண் சமூகத்தினுடையது.

சாதி, தோல் நிறம், உடல்வாகு, ஆங்கிலம் பேச வராமை என ஏதேனும் ஒன்றைக் காட்டி ஒரு பிள்ளையை நாள்தோறும் இழிவுபடுத்துவது ‘விளையாட்டு’ எனப்படுகிறது. 2009 மார்ச் மாதம் இமாசலப் பிரதேச மருத்துவக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர் மூத்த மாணவர்களால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு ராகிங் தடுப்பு விதிகளை வெளியிட்டது. ஆயினும் 2023 ஆகஸ்டில், மாணவர் இயக்கங்களுக்குப் பெயர்பெற்ற ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். முழக்கங்கள் ஒலிக்கும் வளாகத்திலும் விடுதி அறைக்குள் பழைய அதிகாரம் குடியிருக்க முடியும். இந்த உண்மையை முற்போக்கு இயக்கங்கள் தயக்கமின்றி ஏற்க வேண்டும்.

காதலின் பெயரால் நிகழும் வன்முறை இன்னும் மறைவானது. கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்பது, யாருடன் பேசலாம் என்று கட்டளையிடுவது, பிரிய முயன்றால் படங்களை வெளியிடுவதாக மிரட்டுவது, கை ஓங்குவது ஆகியவை அன்பின் மிகுதி அல்ல. பெண்ணை உடைமையாகக் கருதும் நிலவுடைமை மனோபாவம். ஆயினும் பாதிக்கப்பட்ட மாணவி வாய் திறப்பதில்லை. வீட்டில் சொன்னால் படிப்பு நிறுத்தப்படும், திருமணம் பேசப்படும் என்பதை அவள் அறிவாள். அடித்தவனை விட்டுவிட்டு, காதலித்ததற்காக அவளையே தண்டிக்கும் குடும்பம் அவளுக்கு எப்படிப் புகலிடமாகும்?

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதியுள்ள ஆலோசகர் இருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. இது காகிதத்தில் முடங்கிவிடக் கூடாது. அரசுப் பள்ளிகளில் ஆலோசகர்களை நிரந்தரப் பணியிடங்களில் நியமிக்க வேண்டும். ஓர் இடத்திற்குப் பல பிள்ளைகளை மோதவிட்டு இலாபம் ஈட்டும் பயிற்சி வணிகத்திற்குக் கடிவாளமிட வேண்டும்.

தோழர்களே! அரசிடம் கேட்கும் உரிமை இருக்கிறது. அண்டை அறையில் செய்யும் கடமையும் இருக்கிறது. உறக்கமும் உணவும் குறைந்து, விளையாட்டையும் நட்பையும் கைவிட்டு ஒரு பிள்ளை ஒதுங்கினால், அறிவுரை கூறாமல் அருகில் அமர்ந்து செவிமடுங்கள். தனியே விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் ‘டெலி மானஸ்’ எண்ணை விடுதிச் சுவர்தோறும் எழுதுங்கள். உறுப்பினர் சேர்க்கையைப் போன்றே இதுவும் இயக்கப் பணியே.