காடையைக் கைமாற்றும் நாள்



இறைச்சிக் காடையை எத்தனை நாளில் விற்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எடைக்கு விற்கிறீர்களா, உருப்படிக்கு விற்கிறீர்களா? நம் ஊரில் பெரும்பாலும் உருப்படிக் கணக்குத்தான். உணவகத்தில் தட்டுக்கு ஒரு முழுக் காடை வைக்கிறார்கள். வியாபாரி கையில் தூக்கிப் பார்ப்பார். அவர் எதிர்பார்க்கும் அளவு இருந்தால் எடுத்துக்கொள்வார். அதற்கு மேல் இருபது கிராம் கூடியிருந்தாலும் காசு கூடாது. கறிக்கோழி வளர்ப்பவருக்குக் கூடுகிற ஒவ்வொரு கிராமும் பணம். காடை வளர்ப்பவருக்கு அப்படி இல்லை.

ஜப்பானியக் காடைக் குஞ்சு அடைவைத்த 17 அல்லது 18ஆம் நாளில் பொரிக்கிறது. அப்போது அதன் எடை 7, 8 கிராம்தான். நன்றாக வளர்த்தால் ஐந்து வாரத்தில் 180 முதல் 200 கிராம் வரும். இரண்டாம், மூன்றாம், நான்காம் வாரங்களில் வளர்ச்சி ஓடும். ஐந்தாம் வாரத்தில் நடக்கும். ஆறாம் வாரத்தில் தவழும். ஆனால் தீனி தின்பது மட்டும் குறையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த காடை நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் தீவனம் தின்னும். குறைந்த அளவையே வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு 140 கிராம். முதல் ஐந்து வாரமும் சேர்த்து அது தின்றதே ஏறத்தாழ 500 கிராம்தான். ஆயிரம் காடைகளை இன்னும் ஒரு வாரம் வைத்திருந்தால் 140 கிலோ, அதாவது கிட்டத்தட்ட மூன்று மூட்டைத் தீவனம் கூடுதலாகப் போகும். அதற்கு ஈடாக வியாபாரி ஒன்றும் தரப்போவதில்லை.

அந்தத் தீனி எங்கே போகிறது? பெட்டைக் காடை ஆறு, ஏழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். அதற்கு முன்பே சூலகமும் முட்டைக்குழாயும் பெரிதாகின்றன. தராசில் எடை ஏறித் தெரியும். உரித்தால் அந்த எடை குடலோடு கழிவுக் கூடைக்குப் போய்விடும். ஆண் காடைகளோ கூவத் தொடங்கும், ஒன்றையொன்று கொத்தும். தலையிலும் முதுகிலும் புண்பட்ட காடையை வியாபாரி ஒதுக்கிவிடுவார். கொட்டகையில் கூவல் கேட்கத் தொடங்கியதும் நாள் நெருங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். இரவெல்லாம் விளக்கை எரியவிட்டால் இந்தப் பருவம் இன்னும் சீக்கிரமே வந்துவிடும்.

அதற்காக நான்காம் வாரத்திலேயே பிடித்துவிடலாமா? கூடாது. அப்போது நெஞ்சுச் சதை நிரம்பியிருக்காது. ஒரு காடையைக் கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனைபோல் விரலில் தட்டினால் இன்னும் சில நாள் வேண்டும். இருபுறமும் சதை திரண்டு எலும்பு உள்ளே அமுங்கியிருந்தால் தயார்.

மூன்று வாரத்தில் நெஞ்சு இறகைப் பார்த்தே ஆண், பெண் பிரித்துவிடலாம். ஆணுக்கு ஒரே சீரான செம்பழுப்பு. பெண்ணுக்கு வெளிர்நிறத்தில் கரும்புள்ளிகள். கோழியில் சேவல்தான் கனம். காடையில் பெட்டை கனம். ஆகவே ஆண்கள் பெட்டையின் எடைக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அவை வராது. ஆண்களை ஐந்தாம் வாரம் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். முட்டைக்கு ஆள் இருந்தால் பெட்டைகளை நிறுத்திக்கொள்ளலாம், இல்லையென்றால் சேர்த்தே அனுப்புங்கள்.

நான் அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்று உண்டு. பலர் பத்து நாள் குஞ்சாக வாங்குகிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வயதை எண்ணுகிறார்கள். 35 நாள் என்று அவர்கள் நினைக்கும்போது காடைக்கு 45 நாள் ஆகியிருக்கும். லாபம் போன வழி அதுதான் என்று அவர்களுக்குத் தெரிவதே இல்லை. குஞ்சு வாங்கும்போது பொரித்த தேதியைக் கேட்டுக் கொட்டகைச் சுவரில் எழுதிவையுங்கள்.

நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று இறைச்சிக்கென்றே நம் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய வகைகள் இருக்கின்றன. வகைக்கு வகை எடை மாறும். முதல் வாரத்தில் வெப்பம் போதாமல் குளிரில் ஒடுங்கிய குஞ்சுகளும் பின்தங்கும். அதனால் வாரம் ஒருமுறை, அதே கிழமையில், காலையில் தீனி போடுவதற்கு முன் முப்பது காடைகளை எடைபோட்டுக் குறித்துவையுங்கள். முந்தின வாரத்தைவிட ஏற்றம் சட்டென்று குறைந்தால், இனி வைத்திருப்பது நட்டம்.

ஒரு தொகுதி முடிந்து கொட்டகையைக் கழுவிக் காயவைக்கப் பத்து நாள் என்று வையுங்கள். 35 நாளில் விற்பவர் ஆண்டுக்கு எட்டுத் தொகுதி எடுக்கலாம். 42 நாள் வைப்பவருக்கு ஏழுதான்.

இன்னொன்று, விற்கும் நாளை முதலில் முடிவுசெய்துவிட்டுக் குஞ்சுக்குச் சொல்லுங்கள். புரட்டாசியில் பல வீடுகளில் கறி ஏறாது. அந்த மாதத்தில் 35ஆம் நாள் வந்து விழுந்தால், வேறு வழியின்றிக் காடை ஆறாம் வாரம், ஏழாம் வாரம் என்று தின்றுகொண்டே நிற்கும். தீபாவளிக்கு விற்க நினைப்பவர்கள் இன்றே நாட்காட்டியை எடுத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்: ஒரு நாள் குஞ்சு என்றால் 35 நாளுக்கு முன், பத்து நாள் குஞ்சு என்றால் 25 நாளுக்கு முன் அது உங்கள் கொட்டகையில் இருக்க வேண்டும்.