வகுப்பறையில் கணிப்பொறியும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்குப் பாடுபட்டு வரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில், வகுப்பறையில் கணிப்பொறியைப் பயன்படுத்துவது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். இப்பொருள் ஆசிரியர்கள் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளத்தக்கதன்று. நம் தெருவில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் வாழ்வோடும் தொடர்புடையது. ஆதலால் பெற்றோர்களும் இளைஞர்களும் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றேன்.

புதிய கருவி ஒன்று வந்தபோது நம் முன்னோர் என்ன செய்தனர் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். 1893-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1907-ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைச் சென்னை இராயப்பேட்டையிலிருந்து வெளியிட்டார். 1920-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். அக்காலத்தின் கணிப்பொறி அச்சு இயந்திரமே. எழுதப் படிக்கத் தெரிந்தோர் நம்மிடையே மிகச் சிலராக இருந்த நாளில், ‘இதெல்லாம் நமக்கு எதற்கு?’ என்று அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை. அக்கருவியைத் தம் கையில் எடுத்து, நம் குறைகளை நம் சொற்களாலேயே உலகறியச் செய்தனர். அவ்வழி வந்த நாம் இக்காலக் கருவியைக் கண்டு அஞ்சுதல் தகுமா?

அண்ணல் அம்பேத்கர் பள்ளிச் சிறுவராக இருந்த காலத்தில், தாகமெடுத்தாலும் குழாயைத் தம் கையால் தொட அவருக்கு அனுமதியில்லை. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட்டால் தண்ணீர் உண்டு. சேவகர் இல்லையேல் தண்ணீரும் இல்லை. பள்ளியில் தண்ணீர் இருந்தது. அதைத் தொடும் உரிமைதான் அவருக்கு இல்லை.

இதை ஏன் நினைவூட்டுகின்றேன்? இன்று பல பள்ளிகளில் கணிப்பொறி அறை இருக்கின்றது. ஒரு கணிப்பொறியைச் சுற்றி நான்கைந்து மாணவர்கள் அமர்கின்றனர். வீட்டில் கணிப்பொறி உள்ள பிள்ளை தயக்கமின்றி விசைப்பலகையில் கை வைக்கின்றான். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளையோ, ‘பழுதாகிவிட்டால் நம்மைக் கேட்பார்களே’ என்று அஞ்சிப் பின்னால் நின்று பார்க்கின்றான். அவனை எவரும் தடுக்கவில்லை. ஆயினும் ஆண்டு முடியும்போது அவன் விரல் விசைப்பலகையில் படாமலே போய்விடுகின்றது. பள்ளியில் எத்தனை கணிப்பொறிகள் உள்ளன என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. நம் பிள்ளை வாரத்தில் எத்தனை நிமிடம் தன் கையால் அதை இயக்கினான் என்று கேட்க வேண்டும்.

அரசு ஏதும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற இலட்சக்கணக்கான மாணவர்கள் அதனால் மடிக்கணினி பெற்றனர். 2018-ஆம் ஆண்டில் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019-ஆம் ஆண்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. இவை யாவும் வரவேற்கத்தக்கவையே. ஆனால் 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது உண்மை நிலை வெளிப்பட்டது. ஒன்று முதல் எட்டு வகுப்புகள் வரை மீண்டும் திறக்கப்பட்ட நாள் 2021 நவம்பர் முதல் நாள். அந்தப் பத்தொன்பது மாதங்களில் பல பிள்ளைகளுக்குப் பாடம் கைப்பேசி வழியே சென்றது. கைப்பேசி இல்லாத வீடுகள் பலவற்றிற்கு அப்பாடம் செல்லவில்லை. தந்தையின் ஒரே கைப்பேசி அவரோடு வேலைக்குப் போய்விட்டால், மூன்று பிள்ளைகளின் வகுப்பும் அதனோடு போயிற்று.

அவ்வாறாயின் எல்லார்க்கும் கருவி கொடுத்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்குச் சான்று உண்டு. தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில், ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ என்னும் திட்டத்தின்படி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கணினிகள் வழங்கப்பட்டன. 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மாணவர்கள் முன்னேறியதற்குச் சான்றில்லை என்பதாகும். கருவி வந்தது, அதைக் கொண்டு எவ்வாறு கற்பிப்பது என்பது வரவில்லை.

தில்லியிலோ வேறொரு முடிவு கிடைத்தது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களுக்குப் பள்ளி நேரத்திற்குப் பின் கணிப்பொறி வழியே பயிற்சி தரப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்நிலையில் இருக்கின்றான் என்பதை அம்மென்பொருள் கண்டறிந்து, அந்நிலையிலிருந்தே தொடங்கிற்று. ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்திருந்தும் ஐந்தாம் வகுப்புக் கணக்கில் தடுமாறுபவனுக்கு அக்கணக்கையே முதலில் கற்பித்தது. உடனிருந்து துணைபுரியவும் ஆட்கள் இருந்தனர். நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் அப்பிள்ளைகள் நன்கு முன்னேறினர் என்று 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகின்றது. நம் பிள்ளைகளுக்கு வேண்டுவது இதுவே. பின்தங்கியவனை, ‘உனக்குக் கணக்கு வராது’ என்று கடைசி வரிசைக்கு அனுப்பாமல், அவன் நிற்கும் இடத்திற்கே சென்று கைப்பிடித்து வருவது.

நல்லாசிரியர் கையில் இக்கருவி சிறந்த துணையாகும். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்று கரும்பலகையில் எழுதிப் போடுகின்றோம். மாணவன் மனப்பாடம் செய்கின்றான். ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளில் அவனே ஒரு முக்கோணம் வரைந்து, அதன் முனையைப் பிடித்து இழுக்கட்டும். கோணங்கள் ஒவ்வொன்றும் மாறும்; கூடுதல் மட்டும் மாறாது. கண்டறிந்த பிள்ளைக்கு மனப்பாடம் தேவையில்லை. ஆனால், ‘ஏன் மாறவில்லை?’ என்று அவனைக் கேட்பதற்கு ஓர் ஆசிரியர் அங்கே இருந்தாக வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். ஆண்பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் பெண்பிள்ளைக்கு மறுக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. கேரளத்தில் மாணவியர் விடுதியொன்றில் மாலை நேரத்தில் கைப்பேசி கூடாதென விதித்திருந்ததை எதிர்த்து ஒரு மாணவி வழக்குத் தொடுத்தார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதியே என்று 2019-ஆம் ஆண்டில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்காணிப்பு வேண்டுமெனின் இருபாலார்க்கும் வேண்டும். வாய்ப்பும் இருபாலார்க்கும் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இன்று சாதிச் சான்றிதழும் கல்வி உதவித்தொகையும் கணிப்பொறி வழியே விண்ணப்பிக்கப்படுகின்றன. பெயரில் ஓரெழுத்துப் பிழை, வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கப் பிழை போதும். பணம் வந்து சேராது. போராடிப் பெற்ற உரிமையை ஒரு தட்டச்சுப் பிழையால் இழப்பதா?

ஆதலால் கழகத்திற்கும் இளைஞர்களுக்கும் நான்கு வேண்டுகோள்கள் விடுக்கின்றேன்.

முதலாவது, கழகக் கட்டடத்தில் மாலை நேரக் கணிப்பொறி அறை ஒன்று அமைக்க வேண்டும். நம் வீடுகளில் வாளாக் கிடக்கும் பழைய மடிக்கணினிகளைத் திரட்டிப் பழுது நீக்கினாலே தொடங்கிவிடலாம். விலை கொடுத்து வாங்க வேண்டாத கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. கேரளப் பள்ளிகள் அவற்றையே பயன்படுத்துகின்றன.

இரண்டாவது, அவ்வறையில் ஒரு வருகைப் பதிவேடு இருக்க வேண்டும். யார் வந்தார் என்பதோடு, யார் எவ்வளவு நேரம் விசைப்பலகையைத் தம் கையால் இயக்கினார் என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். பெண்பிள்ளைகளுக்குச் சம நேரம் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, தமிழ்த் தட்டச்சைக் கற்பிக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டில் வந்த தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. தமிழ் எழுத்தறிந்த பிள்ளை இதனை விரைவில் கற்றுக்கொள்ளலாம். ஆங்கிலம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

நான்காவது, கல்லூரியில் பயிலும் இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை இவ்வறைக்கு ஈந்து, தம்பி தங்கையர்க்குப் பாடம் சொல்லவும், பெற்றோர்க்கு விண்ணப்பங்களைப் பிழையின்றி நிரப்பித் தரவும் வேண்டும்.

இளைஞர்களே! உங்களில் பலர் அரசு தந்த மடிக்கணினியால் படித்து முன்னேறியவர்கள். நீங்கள் கற்றதை உங்கள் தெருவில் பிறந்த ஒரு பிள்ளைக்கேனும் கற்றுக் கொடுங்கள். தொட அஞ்சி நிற்கும் அப்பிள்ளையை முன்னே அழைத்து நாற்காலியில் அமர்த்துங்கள். ‘பழுதானால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தொடு’ என்று சொல்லுங்கள். அதனினும் பெரிய பாடம் அன்று அவனுக்கு வேறில்லை.

கழகம் நூற்றாண்டு காண வாழ்த்தி அமைகின்றேன்.