நூத்துக்கு எத்தனைங்கிறாங்க… எந்த நூறு?

(போடிநாயக்கனூரில் நடந்த கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)



2025-ல பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தமிழ்நாடு முழுக்க 93.80 சதவீதம். பிளஸ் டூ 95.03. பெருமையான விஷயம்தான், நாமளும் கார்டு போட்டோம், ஷேர் பண்ணோம். ஆனா அந்தக் கணக்குல யாரு இருக்கா? பரீட்சை எழுதுன பிள்ளை மட்டும்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஆறாம் வகுப்புல 40 பேர் சேர்றாங்க. பத்தாவது பரீட்சைக்கு 34 பேர்தான் உக்கார்றாங்க, 33 பேர் பாஸ். பேப்பர்ல 97 சதவீதம் வரும். சேர்ந்த 40 பேரை வச்சுப் பாத்தா 82.5 தான். அந்த ஆறு பேர் எங்க போனாங்க?

விடியக்காலம் முந்தல் பக்கம் போய் நின்னு பாருங்க. 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு வழியா பூப்பாறை, சாந்தன்பாறைன்னு ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஜீப்பா ஆள் போகும். ஆடி ஆவணியில காய் எடுப்பு தொடங்குனா தை மாசம் வரைக்கும் ஓடும். பள்ளிக்கூட வருஷத்துல பாதிக்கு மேல அதுலயே போயிடுது. அம்மா இருட்டோட கிளம்புனா கைப்பிள்ளையை யார் பாக்குறது? பெரிய பொண்ணுதான். குடும்பமே மேல தங்கிட்டா, அதுக்குப் படிப்பு அத்தோட நிக்குது. எமிஸ்ல பேரு பொதுத் தொகுப்புக்குப் போயிடும், வகுப்பாசிரியர் போன் மேல போன் போடுவாரு, மேல சிக்னல் இருக்காது. வாத்தியாரைக் குத்தம் சொல்லி என்ன செய்ய?

இன்னொண்ணு. டாப் ஸ்டேஷன்ல இருந்து கோட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டி இறக்க நூறு வருஷத்துக்கு முன்னாடியே ரோப்வே போட்டான் வெள்ளைக்காரன். பெட்டிக்கு வழி இருந்துச்சுங்க. பிள்ளைக்குப் பஸ் கேட்டா மட்டும் ‘பாக்கலாம்’ங்கிறாங்க.

நாம கேக்குறது ஒண்ணும் புதுசு இல்ல. கட்டாயக் கல்விச் சட்டம் 2009-லயே வந்தாச்சு. சீசனுக்கு ஊர் மாறிப் போற குடும்பத்துப் பிள்ளைங்களுக்குப் பருவகால விடுதி நடத்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல இடம் இருக்கு. காய் எடுப்பு மாசங்கள்ல அதை இங்க, போடியிலயே நடத்தணும். 2022-ல வந்த காலை உணவுத் திட்டம் ஒண்ணுல இருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும்னு தொடங்குச்சு. நல்ல திட்டம், யார் கொண்டு வந்தாலும் நல்லதுதான். ஆனா எங்க அடிவாரத்துல பசியோட வர்றது ஆறாவது, ஏழாவது பிள்ளையும்தான். எட்டு வரைக்கும் நீட்டுங்க.

நம்ம வேலை என்ன? ஒவ்வொரு பூத் தோழரும் உங்க தெருவுல ஸ்கூலுக்கு நின்ன பிள்ளை யாருன்னு கேட்டு எழுதுங்க. அதைத் தலைமையாசிரியர்கிட்டயும் பள்ளி மேலாண்மைக் குழுவுலயும் கையில குடுங்க. அந்தப் பேரையோ போட்டோவையோ எந்தக் குரூப்லயும் போட வேண்டாம். நம்ம பேஜ்லயும் கூடாது.